சாப்பாட்டு அலமாரி கார் போர்ச்சுக்கு வருகிறது

[திரையில்: கம்பி வலை வைத்த பழைய பச்சை அலமாரி]

வணக்கம். இன்றைக்கு நாம் கை வைக்கப் போவது இந்த அலமாரியில். வீட்டுக்கு வீடு ஐஸ் பெட்டி வராத காலத்தில் மீந்த குழம்பும் பொரித்த மீனும் இதற்குள்தான் இருந்தன. காற்று போக வலை, பூனை திறக்காமல் இருக்கக் கொக்கி, எறும்பு ஏறாமல் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம். இதைக் கார் போர்ச்சுக்குக் கொண்டுவந்து, அந்தக் காலத்துப் பட்டறை போல ஸ்பேனரும் ஆயில் டின்னும் அடுக்கப் போகிறோம்.

போர்ச்சுக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் எனக்குத் தெரியவில்லை. பினாங்கு ஈரத்தில் மூடிய பெட்டிக்குள் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வலை இருந்தால் காற்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் இல்லாதவர்கள் ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் தேடலாம். ஒரு காலத்தில் ஜாலான் பிந்தால் தாலியில் நடந்த பழைய சாமான் வியாபாரம் பிறகு இங்கே வந்தது. கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மால் வாரக்கடைசிச் சந்தை இருக்கிறது. காசு கொடுக்கும் முன் ஸ்குரூடிரைவர் பிடியால் கால்களைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். உள்ளே காலி போலக் கேட்டாலோ, மண் கோடு ஏறியிருந்தாலோ, கறையான் வேலை. சின்னச் சின்ன ஓட்டைகளுக்குக் கீழே புதிதாக மாவு கொட்டியிருந்தால் உள்ளே வண்டு இன்னும் இருக்கிறது. இரண்டையும் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

[திரையில்: கொக்கியின் அருகே, மிக நெருக்கமாக]

சரி, அலமாரி கிடைத்துவிட்டது. பலரும் அடுத்துச் செய்வது புதுப் பெயிண்ட் அடித்து, அதையே சேண்ட் பேப்பரால் அங்கங்கே தேய்த்துப் பழசு போல ஆக்குவது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தேய்மானம் கண்ட இடத்தில் வராது. இந்தக் கதவைப் பாருங்கள். கொக்கிக்குப் பக்கத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பச்சை தேய்ந்திருக்கிறது. அதன் அடியில் ஒரு நீலம், நீலத்துக்கும் அடியில் மரம். கதவை மூடும்போது எத்தனையோ கைகள் அழுத்திய இடம் அது. மற்ற மூலைகளில் பச்சை அப்படியே இருக்கிறது. இதை நம்மால் செயற்கையாக உண்டாக்க முடியாது, அழிக்கத்தான் முடியும்.

ஆகவே கழுவுவதோடு நிறுத்திக்கொள்வோம். வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள், மரத்தை ஊறவிடாதீர்கள். பித்தளைக் கொக்கியைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். இன்னொன்று, இந்த வயதுப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும், குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். உரிந்து தொங்கும் இடம் இருந்தால் தண்ணீரால் நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, அதை மட்டும் எடுங்கள்.

உங்களுடையது பெயிண்ட் இல்லாத பாலிஷ் சாமானா? கண்ணில் படாத ஓரத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஒரு சொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். அதற்கு அசையாமல் லேக்கர் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் வார்னிஷ் வகையைச் சேர்ந்தது. மேலே எதைப் பூசலாம் என்பது இதைப் பொறுத்தது, அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

[திரையில்: வெளிறிய பலகை, கண்ணாடிப் போத்தல், தேநீர்]

நம் அலமாரியில் நடுத்தட்டு மக்கிவிட்டது. அதற்குப் பதிலாக உடைந்த சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு ரப்பர் மரப் பலகை. 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து முடித்த பிறகு வெட்டப்பட்ட மரம். நம் தாத்தா பாட்டிகள் விடியலில் பால் வெட்டப் போன அதே மரம் என்பதால், இந்தப் பலகையைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. ஆனால் நிறம் வெளிறிப்போய், பழைய சட்டத்துக்குள் தனியாகத் தெரிகிறது.

இதற்குப் பெயிண்ட் தேவையில்லை. சோப்புக் கலக்காத ஸ்டீல் வூலை வெள்ளை வினிகரில் போட்டு ஓரிரு நாள் விடுங்கள். மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே வாயு உண்டாகும். அடுப்புப் பக்கமும் வைக்கக் கூடாது. இரும்பு கரைந்த அந்தத் தண்ணீர், மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் கறுக்கும். ரப்பர் மரத்தில் டானின் குறைவு, தேயிலையில் அது நிறைய. அதனால் முதலில் பாலும் சீனியும் போடாத தேநீரை, அதாவது தே ஓவை, நல்ல கடுப்பாகக் கலந்து பலகையில் பூசிக் காயவிடுங்கள். அப்புறம் வினிகரை வடிகட்டிப் பூசுங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறம் ஏறும், அதன்பின் பழைய வீட்டு உத்தரம் மாதிரி ஒரு கறுப்பு. பலகையின் அடிப்பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு மேல்பக்கம் பூசுங்கள்.

நம்முடைய போர்ச் நாலு சுவர் வைத்த கராஜ் இல்லை, மழைச் சாரல் அடிக்கும். எல்லாம் நன்றாகக் காய்ந்ததும் வெளிப்புறத்துக்கான மேட் வார்னிஷ் மெல்லியதாக இரண்டு கை. பாலிஷ் சாமானுக்கு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தேய்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

[திரையில்: அலமாரி போர்ச் சுவரோரம்]

காலுக்கடியில் கிண்ணம் வைக்கலாம், தண்ணீர் மட்டும் வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும், சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. தடித்த ரப்பர் துண்டு வைத்தால் தரை ஈரம் மரத்தில் ஏறாது. சுவரை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள், கறையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும்.

அலங்காரத்துக்குத் துருப்பிடித்தது போல அச்சடித்த தகரப் பலகைகள் கடைகளில் நிறையக் கிடைக்கும். அதைவிட, அப்பா ஓட்டிய கப்சாயின் (சின்ன மோட்டார் சைக்கிள்) 'பி' என்று தொடங்கும் பினாங்கு நம்பர் பிளேட்டைக் கதவின் உட்பக்கம் மாட்டுங்கள். தோட்டத்தில் ரப்பர் பால் பிடித்த மங்கு இருந்தால் நட்டு, போல்ட்டு போட வையுங்கள். கனமான ஜாக்கி அடித்தட்டில் இருக்கட்டும். பெட்ரோல் கேன் இதற்குள் வரவே கூடாது, வலை ஆவியைத் தடுக்காது. கடைசியாக, மேல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விட்ட இடைவெளி அளவுக்கு ஒரு மரக்கட்டை வைத்து, எல் வடிவ இரும்பால் சுவரோடு முடுக்கிவிடுங்கள். பிள்ளைகள் கதவைப் பிடித்துத் தொங்கினாலும் சாயாது.