கதை தீரவில்லை, சொன்ன விதமே தவறியது

நடுவர் அவர்களுக்கும் அவையினருக்கும் வணக்கம். நேரே வழக்குக்கு வருகிறேன்.

2012இல் வெளிவந்து உலகெங்கும் ரசிகர்களை நடுங்க வைத்த ‘தி வுமன் இன் பிளாக்’ என்ற ஆங்கிலப் பேய்ப் படத்துக்கு, 2015 தொடக்கத்தில் ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ என்ற இரண்டாம் பாகம் வந்தது. அது ஏமாற்றியது என்பதில் இரண்டு அணிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. சொல்வதற்குக் கதை தீர்ந்துவிட்டதா, இருந்த கதையைச் சொன்ன விதம் தவறியதா என்பதுதான் இன்றைய கேள்வி. சொன்ன விதமே தவறியது என்று வாதாட நான் வந்திருக்கிறேன்.

முதல் பாகத்திலேயே பேயின் ரகசியம் உடைந்துவிட்டது என்கிறார்கள் எதிரணியினர். பெற்ற மகனைத் தமக்கையிடம் பறிகொடுத்த ஜெனட் ஹம்ஃப்ரி, அந்தப் பிள்ளை சதுப்பு நிலத்தில் மூழ்கி இறந்ததும் தன்னையே மாய்த்துக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளைப் பலி கொள்ளும் ஆவியானாள்; இது தெரிந்த பிறகு எதற்குப் பயப்படுவது என்று கேட்கிறார்கள். சூசன் ஹில் இந்தக் கதையை நாவலாக எழுதியது 1983இல். அதன் மேடை வடிவம் லண்டனில் 1989 முதல் 2023 வரை ஒரே அரங்கில் நடந்தது. இரண்டே நடிகர்கள், ஒரு பிரம்புப் பெட்டி, கொஞ்சம் புகை, கொஞ்சம் இருட்டு, அவ்வப்போது தோன்றி மறையும் ஒரு கறுப்பு உருவம். ரகசியம் ஊருக்கே தெரிந்த பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் சீட்டு வாங்கிப் போய் அலறியிருக்கிறார்கள் என்றால், தீர்ந்து போனது கதை என்று எப்படிச் சொல்ல முடியும்?

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், “பேய் அதே பேய், வீடு அதே வீடு, இடையில் மூன்று வயது கூடியது உங்களுக்குத்தான், அதனால்தான் பயம் வரவில்லை” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். அவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, என் அக்கா மகன் சொல்லட்டும். அவன் இரண்டு பாகங்களையும் ஒரே இரவில், ஒரே அறையில், என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். முதல் பாகம் முடிந்து இரண்டாம் பாகம் தொடங்குவதற்குள் அவனுக்கு எத்தனை வயது கூடியிருக்கும் என்று தோழர் சொல்லட்டும்.

முதல் பாகத்தில், டேனியல் ராட்கிளிஃப் நடித்த ஆர்தர் கிப்ஸ் என்ற இளம் வழக்கறிஞர், இறந்தவரின் பத்திரங்களைத் தேடி ஈல் மார்ஷ் என்ற அந்த வீட்டில் தனியே இரவைக் கழிப்பார். கடல் ஏறினால் மூழ்கிவிடும் ஒரே பாதை. மாடியில் ஏதோ இடிக்கும் ஓசை சீராகக் கேட்கிறது. மெழுகுவத்தியோடு அவர் போகிறார். குழந்தைகள் அறையில் நாற்காலி ஒன்று, உட்கார ஆளில்லாமல், தானே ஆடிக்கொண்டிருக்கிறது. பேச்சே இல்லாமல் நெடுநேரம் நகரும் அந்தக் காட்சியில் என் அக்கா மகன் இரு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் விரல்களுக்கு இடையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்து இரண்டாம் பாகம். அதே வீடு, அதே படிக்கட்டு, அதே இருட்டு. அவன் கைகள் மேலே போயின. கண்ணுக்குப் போகவில்லை நடுவர் அவர்களே, காதுக்குப் போயின! மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் என் வழக்கு முழுவதும் அந்தக் கைகளில் இருக்கிறது. முதல் படத்தில் கண்ணை மூடிய பிள்ளை, இரண்டாம் படத்தில் காதைப் பொத்தினான். திரையில் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை, திடீரென்று ஒரு வீறிடல் மட்டும் வரும் என்பதை அவன் அரை மணி நேரத்திலேயே கண்டுகொண்டான். “இப்ப கத்தும் பாருங்க மாமா” என்றான், கத்தியது. சற்று நேரம் கழித்து, “இப்ப” என்றான், கத்தியது. தோழர் சொல்வதுபோல வயதுதான் காரணம் என்றால், எங்கே கத்தும் என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? ஓசை மிரள வைக்கும். அந்த மிரட்சி மறுகணமே இறங்கிவிடும். அச்சம் ஊறி வருவதற்குக் காத்திருப்பு வேண்டும். அந்தக் காத்திருப்பை முதல் படம் தந்தது, இரண்டாம் படம் தரவில்லை.

தராமல் போன படத்தின் கையில் என்னவெல்லாம் இருந்தன என்பதை எண்ணினால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கதை நடப்பது 1941இல், லண்டன் மீது ஜெர்மானியர் இரவு தோறும் குண்டு வீசிய காலத்தில். குண்டுக்குத் தப்ப லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் அந்த வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவன், பெற்றோரைக் குண்டுவீச்சில் இழந்து வாய் பேசாமல் போன எட்வர்டு என்ற சிறுவன். அவர்களோடு, பெற்ற குழந்தையைப் பிறந்ததுமே பிறரிடம் இழந்த ஈவ் என்ற ஆசிரியை வருகிறாள். எதிரி விமானங்களை ஏமாற்றத் தீ மூட்டி நடத்தப்படும் ஒரு போலி விமானதளம்கூட அருகில் இருக்கிறது. இவையெல்லாம் அந்தக் காலத்தில் உண்மையாகவே இருந்தவை. நச்சுப்புகை முகமூடி அணிந்து ஒரு சிறுமி மூச்சுத் திணறும் காட்சியைப் பாருங்கள். உயிர் காக்கத் தந்த பொருளே உயிரை வாங்குகிறது. எத்தனை கொடிய கற்பனை! ஆனால் அதை நாம் உள்வாங்குவதற்கு முன்பே படம் அடுத்த வீறிடலுக்கு ஓடிவிடுகிறது. கதை தீர்ந்துவிட்டதாம்! தீராத கதையைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்பட்டிருக்கிறார்கள்.

வாதம் இருக்கட்டும் நடுவர் அவர்களே, அப்படி அனுப்பப்பட்ட உண்மையான பிள்ளைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1939 செப்டம்பர் முதல் நாளில் தொடங்கி மூன்றே நாட்களில், ஏறத்தாழ 15 லட்சம் பேர் பிரிட்டன் நகரங்களிலிருந்து கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். சட்டையில் பெயர் எழுதிய அட்டை, தோளில் முகமூடி வைத்த காகிதப் பெட்டி. பிள்ளை எந்த ஊரில், யார் வீட்டில் இறங்கப் போகிறது என்பதுகூட வழியனுப்ப வந்த பல தாய்மார்களுக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்த பிறகு ஓர் அஞ்சலட்டை வரும்; அது வரும்வரை அந்த அன்னை சமைத்திருப்பாளா, உறங்கியிருப்பாளா? பிள்ளையை வழியனுப்பிய அத்தனை தாய்மாரின் நடுவே, பிள்ளையைப் பறிகொடுத்த ஜெனட்டும் ஒரு தாய்தானே! அவளை ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்தத் தாய்மாரில் ஒருத்தியாக இந்தப் படம் பார்த்திருந்தால், நாம் பயந்துகொண்டே அழுதிருப்போம். ஈவின் கண்ணீர் அவளுடைய கண்ணீர் என்பதைப் படம் தொட்டுக்கூடப் பார்த்தது. தொட்ட கையை உடனே எடுத்துவிட்டதுதான் என் மனத்தாங்கல்.

அந்தத் தாயிடம் கதை இல்லை என்று எதிரணியினர் சொல்லலாம். என்னால் சொல்ல முடியாது. தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.