19 புத்தகம், 650 ரூபாய்! மூர் மார்க்கெட்டில் குரூப் 4 வேட்டை

வணக்கம் மக்களே! முதலில் இந்தக் கட்டைப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, 19 புத்தகம், 650 ரூபாய். டிஎன்பிஎஸ்சி நடத்தும் அரசு வேலைத் தேர்வான குரூப் 4-க்குப் பள்ளிப் புத்தகத்தை முடிக்காமல் வேறெதையும் தொடாதீர்கள் என்று நான் எத்தனை வீடியோவில் சொல்லியிருக்கிறேன்!

மூர் மார்க்கெட் கடைகள் இப்போது இருக்கும் அல்லிக்குளம் வளாகத்தில் கடைக்கார அண்ணன் 900 கேட்டார். நான் 500 என்றேன். "கட்டுப்படியாகாது தம்பி" என்றார். கட்டை வைத்துவிட்டு இரண்டு கடை தள்ளிப் போனேன். கூப்பிட்டு 700 என்றார். அட்டை கிழிந்த கணக்குப் புத்தகத்தைக் காட்டி இன்னும் 50 குறைத்தேன். அந்த 50 ரூபாயில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

பாடநூல் கழகத் தளத்தில் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறதே என்பீர்கள். சரி, ஆனால் இதைப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தமிழ், தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடப்பதன் மேல் புலவர் தன் கற்பனைக் காரணத்தை ஏற்றிச் சொல்வது. மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் ஆடுவதை, கோவலனை வராதே என்று கைகாட்டுவதாகச் சிலப்பதிகாரம் சொல்லும். ஓரத்தில் யாரோ ஒரு பிள்ளை பென்சிலில் கொடி வரைந்து, அதற்கு ஐந்து விரல் போட்டிருக்கிறது! இனி இந்த அணி எனக்கு மறக்குமா? கைடில் "விடை: தற்குறிப்பேற்ற அணி" என்று ஒரு வரிதான் இருக்கும். எனக்கு அந்தக் கைடுகளைக் கண்டாலே ஆகாது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? 200 கேள்வியில் 100 தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

ஒரு வருத்தமும் உண்டு. எட்டாம் வகுப்பு அறிவியல் பழைய பாடத்திட்டம்! வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். நீங்கள் வாங்கும்போது உள்பக்கத்தில் முதல் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். புதிய பாடத்திட்டம் என்றால் ஆறும் ஒன்பதும் 2018, ஏழும் எட்டும் பத்தும் 2019. பாடத்துக்குள் க்யூஆர் கோடு இருக்கிறதா என்றும் புரட்டிப் பாருங்கள்.

அப்புறம், விலை பேசியதைச் சொன்ன வேகத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். ஆறாம் வகுப்பில் மூன்றாம் பருவப் புத்தகம் கிடைக்கவில்லை. ஆறாம் வகுப்புதானே என்று விடவும் முடியாது; அடிப்படை அறிவியல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

சனிக்கிழமை மறுபடி போகிறேன். அதற்குள் மூன்றாம் பருவம் எங்கேயாவது கண்ணில் பட்டால் கமெண்டில் சொல்லுங்கள்.