சென்னை – லண்டன் விமான டிக்கெட்: விலை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது?

[திரையில்: உலக வரைபடம். சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரே ஒரு கோடு.]

சென்னையிலிருந்து லண்டனுக்கு நடுவில் எங்கும் இறங்காமல் போக வேண்டுமென்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒன்றுதான் வழி. மீனம்பாக்கத்தில் ஏறினால் பத்தரை, பதினோரு மணி நேரத்தில் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம். சுகமான பயணம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரில் ஒரே ஒரு கடை இருந்தால் அங்கே பேரம் எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

[வரைபடம் நகர்ந்து பெங்களூரு. மூன்று கோடுகள்.]

பெங்களூருவைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஏர் இந்தியா, 2024 முதல் வர்ஜின் அட்லாண்டிக் என்று மூன்று நிறுவனங்கள் ஹீத்ரோவுக்கு நேராகப் பறக்கின்றன. போட்டி இருக்கும் இடத்தில் சலுகை விலையும் அடிக்கடி வரும். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் சென்னை விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு முன் பெங்களூரு விலையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒரே எச்சரிக்கை: அந்த விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் பக்கமிருந்து போகிறவர்கள் நகரத்தின் நெரிசல் முழுவதையும் கடந்தாக வேண்டும். அந்த அரை நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சி, மதுரைக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பலர் அதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் கொழும்புக்குப் பறக்கிறது. கொழும்பிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் வைத்திருக்கிறது. மேற்கே போவதற்கு முதலில் தெற்கே போவது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் சென்னைக்கு ராத்திரி பஸ், அங்கே ஆட்டோ, விமான நிலையத்தில் நாலு மணி நேரக் காத்திருப்பு என்பதெல்லாம் மிச்சப்படும்.

மற்றபடி பெரும்பாலானோர் போவது வளைகுடா வழி: துபாய், தோஹா, அபுதாபி, மஸ்கட், பஹ்ரைன். இந்த ஊர்களின் நிறுவனங்கள் சென்னைப் பயணிக்காக ஒன்றோடொன்று மோதுகின்றன. அதனால்தான் ஒரு நிறுத்தமுள்ள டிக்கெட் பல நாட்களில் நேரடி டிக்கெட்டைவிடக் குறைவாகக் கிடைக்கிறது.

[திரையில்: பன்னிரண்டு மாதங்கள் கொண்ட நாட்காட்டி.]

எங்கிருந்து ஏறுவது என்பதற்கு அடுத்தபடி எப்போது ஏறுவது. செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு, பிரவுசரில் ரகசியச் சன்னல் (இன்காக்னிட்டோ) திறந்தால் மலிவு என்ற கதைகளை விட்டுவிடுங்கள். நீங்கள் டிக்கெட் வாங்கும் கிழமை முக்கியமல்ல. நீங்கள் பறக்கும் வாரத்தில், நீங்கள் போகும் திசையில், வேறு யார் யார் பறக்கிறார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

திசை என்ற சொல்லைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை கடைசி வாரத்தில் தொடங்குகிறது. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வெம்பிளியிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஊருக்குக் கிளம்புவது அப்போதுதான். அந்த நாட்களில் லண்டனிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் நிறைந்திருக்கும். எதிர்த்திசையில் அவ்வளவு நெருக்கடி இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் நிலைமை அப்படியே தலைகீழாகிறது. அந்தக் குடும்பங்கள் திரும்புகின்றன. கூடவே செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் மாணவர்கள் இரண்டு பெரிய பெட்டிகளோடு கிளம்புகிறார்கள். சென்னையிலிருந்து லண்டன் போக அதைவிடக் கெட்ட வாரம் தேடினாலும் கிடைப்பது கடினம். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்தக் கூட்டத்தில் என்ன வேலை?

ஏப்ரல், மே நம்முடைய விடுமுறை. அப்போது விலை ஏறுவதற்கு நாமே காரணம். பொங்கல் முடிந்து மார்ச் நடுப்பகுதி வரையும், தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த நவம்பரும்தான் பொதுவாக மலிவான காலம். மலிவுக்குக் காரணமும் உண்டு: நவம்பர் கடைசியில் லண்டனில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அருங்காட்சியகம் பார்க்கப் போகிறவருக்கு அது ஒரு குறையே அல்ல. பூங்காவில் புல்தரையில் உட்கார ஆசைப்படுகிறவர் மே மாத விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

டிசம்பர் 25 அன்று பறக்கும் டிக்கெட் சில சமயம் மலிவாகக் கண்ணில் படும். வாங்குவதற்கு முன் ஒரு விஷயம்: கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் சுரங்க ரயில் ஓடாது, மற்ற ரயில்களும் ஓடாது. மிச்சம் பிடித்த பணம் டாக்சிக்குப் போய்விடும்.

[திரையில்: கூகுள் ஃப்ளைட்ஸ் தேடல் பெட்டி.]

தேடும் இடத்துக்கு வருவோம். கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் இரண்டும் போதும். கூகுளில் புறப்படும் ஊர் என்ற கட்டத்தில் ஒரே நேரத்தில் பல ஊர்களைப் போடலாம். சென்னை, பெங்களூரு, திருச்சி, கொச்சி என்று நான்கையும் போடுங்கள். சேரும் இடத்தில் ஹீத்ரோ என்று போடாமல் லண்டன் என்று போடுங்கள். லண்டனின் மற்ற விமான நிலையங்களான கேட்விக், ஸ்டான்ஸ்டெட் போகும் விமானங்களும் பட்டியலில் வரும். பிறகு தேதிக் கட்டத்தைத் திறந்தால் போகும் நாளும் திரும்பும் நாளும் மாற மாற விலை எப்படி மாறுகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். தேதி முடிவாகவில்லை என்றால் விலைக் கண்காணிப்பைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். விலை மாறினால் மின்னஞ்சல் வரும்.

குடும்பமாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

[திரையில்: இருக்கை வரைபடம். மூன்று இருக்கைகள் பச்சை, மற்றவை மஞ்சள்.]

எகானமி என்பது வெளியே தெரியும் பெயர். உள்ளே அதைப் பத்துப் பன்னிரண்டு விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் ஓர் எழுத்து. அதே இருக்கை, அதே சாப்பாடுதான். கீழ்ப்படியில் இடம் தீர்ந்தால் அடுத்த படி. இப்போது கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: கீழ்ப்படியில் 52,000 ரூபாய்க்கு மூன்று இடம் இருக்கிறது, அடுத்த படி 60,000. நீங்கள் நான்கு பேர் என்று தேடுகிறீர்கள். கணினி நான்கு பேரையும் ஒரே படியில் உட்காரவைக்கப் பார்க்கும். கீழ்ப்படியில் நான்கு இடம் இல்லாததால் நால்வரையும் மேல்படிக்குத் தூக்கிவிடும். பில் 2,40,000. அதையே மூன்று பேர், ஒருவர் என்று பிரித்து வாங்கினால் 2,16,000. ஒரே விமானம், 24,000 ரூபாய் வித்தியாசம்.

ஆகவே நான்கு பேருக்குத் தேடுவதற்கு முன் ஒருவருக்கும் இருவருக்கும் மூவருக்கும் தேடிப் பாருங்கள். தலைக்கு விலை மாறினால் பிரித்து வாங்கலாம். பிரிக்கும்போது குழந்தையோடு பெரியவர் ஒருவராவது ஒரே பதிவில் (புக்கிங்கில்) இருக்கட்டும். விமானம் ரத்தானால் இரண்டு பதிவுகளையும் இரண்டு வேறு குடும்பங்களாகத்தான் நிறுவனம் பார்க்கும்.

[திரையில்: டிக்கெட் விலையின் பிரிவுகள். வரி என்ற பகுதி பெரிதாகிறது.]

வரியைப் பற்றிச் சொல்லாமல் லண்டன் டிக்கெட்டைப் பற்றிப் பேச முடியாது. பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிகளுக்கு 1994 முதல் விமானப் பயணி வரி இருக்கிறது. 2026 ஏப்ரல் முதல் இந்தியாவுக்கு வருகிறவர் எகானமியில் 102 பவுண்டு கட்டுகிறார்; சுமார் 12,000 ரூபாய். எகானமிக்கு மேலே எந்த வகுப்பானாலும் 244 பவுண்டு. கால் நீட்ட நாலு அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும் என்று பிரீமியம் எகானமி எடுக்கிறவர்களும் இதில் அடக்கம். லண்டனில் இறங்குவதற்கு இந்த வரி இல்லை, புறப்படுவதற்குத்தான். நீங்கள் வாங்கும் போய்வரும் டிக்கெட்டுக்குள் இது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

எகானமியில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த வரி கிடையாது. விமானக் கட்டணத்தில் 12 வயதானாலே பெரியவர் கணக்கு என்பதால் 14 வயதுப் பிள்ளையையும் பெரியவர் என்று போட்டுவிடுவார்கள், வரியும் சேர்ந்துவிடும். 12 முதல் 15 என்று தனி வயதுப் பிரிவு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நிறுவனத்திடம் அந்தத் தொகையைத் திருப்பிக் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

இந்த வரியைத் தவிர்க்க ஒரு வழி, லண்டனில் இறங்கி டப்ளினிலிருந்து திரும்புவது. அயர்லாந்து தன் விமானப் பயண வரியை 2014-இல் நீக்கிவிட்டது. துபாய், தோஹா, அபுதாபி விமானங்கள் டப்ளினுக்கும் போகின்றன. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் சிலவகைக் குறுகியகாலப் பிரிட்டிஷ் விசாவிலேயே அயர்லாந்துக்கும் போக ஓர் ஏற்பாடு உண்டு. உங்கள் விசா அதில் அடங்குமா என்று உறுதிசெய்த பிறகே டிக்கெட். வரிக்காக மட்டும் டப்ளின் போவது வீண். லண்டனிலிருந்து டப்ளினுக்கு ஆகும் செலவு, பெட்டிக் கட்டணத்தோடு சேர்ந்து, மிச்சத்தை விழுங்கிவிடும். அயர்லாந்தைப் பார்க்கவும் ஆசை இருந்தால் நல்ல யோசனை.

[திரையில்: இரண்டு துண்டு டிக்கெட்டுகள், நடுவில் கேள்விக்குறி.]

விலைப் பட்டியலின் உச்சியில் சில சமயம் பெயர் கேள்விப்படாத இணைய முகவர் ஒருவர் ஆயிரம், இரண்டாயிரம் குறைத்துக் காட்டுவார். என் கருத்தைக் கேட்டால், அந்த ஆயிரத்தை விட்டுவிடுங்கள். விமானத்தைத் தேட கூகுளும் ஸ்கைஸ்கேனரும். பணம் கட்ட விமான நிறுவனத்தின் சொந்தத் தளம். நேரம் மாறினாலும் ரத்தானாலும் நிறுவனம் முகவரைக் கைகாட்டும், முகவர் நிறுவனத்தைக் கைகாட்டுவார், நடுவில் நிற்பது நீங்கள்.

சென்னையிலிருந்து மும்பைக்கு ஒரு டிக்கெட், மும்பையிலிருந்து லண்டனுக்குத் தனி டிக்கெட் என்று ஒட்டுப்போடுவதும் அப்படித்தான். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அது சம்பந்தமே இல்லாத செய்தி. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது உலகெங்கும் பயணிகள் வழியில் சிக்கினார்கள். கடைசி ஊர் வரை ஒரே பதிவாக வைத்திருந்தவரை மாற்று விமானத்தில் ஏற்றுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. துண்டு துண்டாக வாங்கியவர் அடுத்த டிக்கெட்டைக் கைக்காசில் வாங்க வேண்டும்.

ஒரே பதிவுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பிரிட்டனிலிருந்து புறப்படும் விமானம், எந்த நாட்டு நிறுவனமானாலும், பிரிட்டிஷ் இழப்பீட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. லண்டனிலிருந்து தோஹா வழியாகச் சென்னை வரை ஒரே பதிவு. நிறுவனத்தின் கோளாறால் சென்னைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்கிறீர்கள் என்றால் தலைக்கு 520 பவுண்டு கேட்கலாம். சென்னையிலிருந்து போகும்போது இந்த உரிமை பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனத்தில் போனால் மட்டும்தான். புயலுக்கும் வான்வெளி மூடலுக்கும் இழப்பீடு கிடையாது.

ஐரோப்பாவில் விமானம் மாறும் டிக்கெட் என்றால் அந்த நாட்டின் இடைவழி (டிரான்சிட்) விசா விதியை அதன் தூதரகத் தளத்தில் அன்றைய தேதிக்குப் பாருங்கள். பெட்டியின் எடையையும் பார்த்துவிடுங்கள். கைப்பை மட்டும் அடங்கிய விலையையும் இரண்டு பெட்டி அடங்கிய விலையையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

[திரையில்: கடவுச்சீட்டின் பெயர்ப் பக்கம். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.]

பணம் கட்டும் பக்கத்தில் நம்மவர்கள் தடுமாறுவது பெயரில். தலைப்பெழுத்து வைத்துக்கொள்ளும் ஊர் நம்முடையது. பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் படிவமோ அது இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன, சில வேறு குறியீடு கேட்கின்றன. நீங்கள் ஏறப்போகும் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அப்படியே போடுங்கள். அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். டிக்கெட் வெளியான பிறகு பெயர் திருத்தத்துக்கு நிறுவனங்கள் கட்டணம் கேட்கும். சில டிக்கெட்டுகளில் திருத்தவே விடமாட்டார்கள், ரத்துசெய்துவிட்டுப் புதிதாக, அன்றைய விலையில் வாங்க வேண்டியிருக்கும்.