கட்டிலுக்கு மேலே தலைகீழாக ஒரு தெரு

நேயர்களுக்கு வணக்கம். நினைவு, கனவு, வீடு, இதையெல்லாம் புகைப்படத்தில் எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வானொலியில் படம் காட்ட முடியாது, அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு அவர் படங்களை வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

புகைப்படக் கலைஞர் ஆபெலார்டோ மொரெல். 1948-இல் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு 1962-இல் பெற்றோருடன் ஊரை விட்டுக் கிளம்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

1991-இல் மாசசூசெட்ஸில் தன் வீட்டுப் படுக்கையறை ஜன்னலைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடி, அதில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டார். ஒளி நேர்கோட்டில்தான் போகும், இல்லையா? எதிர்வீட்டுக் கூரையிலிருந்து வரும் வெளிச்சம் ஓட்டை வழியாகக் கீழே இறங்குகிறது, தரையிலிருந்து வருவது மேலே ஏறுகிறது, அவ்வளவுதான், முழுத் தெருவும் சுவரில் தலைகீழாக விழுந்துவிடுகிறது. நம் ஓட்டு வீடுகளில் இடுக்கு வழியாகத் தரையில் விழும் வெளிச்ச வட்டங்களும் இதே வேலைதான், ஒவ்வொன்றும் சூரியனின் படம், கிரகணத்தன்று பார்த்தால் அத்தனையும் பிறையாகிவிடும்.

அந்த அறைக்குள்ளேயே பெரிய ஃபிலிம் கேமரா ஒன்றை நிறுத்தி, மணிக்கணக்கில் லென்ஸைத் திறந்தே வைத்து எடுத்த படம்தான் அது. கலையாத கட்டில், தலையணை, அதற்கு மேலே கூரை கீழாகத் தொங்கும் எதிர்வீடுகள். 1994-இல் ஒரு வீட்டுப் பரணுக்குள் கடலையே கொண்டுவந்தார், தண்ணீர் மேலே, வானம் கீழே. கனவு என்று காட்ட இதில் எந்தத் தந்திரமும் இல்லை, அங்கே இருந்த வெளிச்சம்தான் அத்தனையும், அதனால்தான் எனக்கு இவர்மேல் இவ்வளவு மரியாதை.

அப்புறம் இன்னொன்று. இத்தனை மணி நேரம் திறந்திருக்கும் கேமராவில் நடந்துபோகிற ஆள் பதியவே மாட்டார், நிற்பது மட்டும்தான் நிற்கும். நினைவு என்றாலே பழுப்பேறிய குடும்பப் படம், அதில் அத்தை மாமா முகம் என்றுதான் நாம் தேடுகிறோம். ஆனால் விட்டுவந்த வீட்டை நினைத்துப் பாருங்கள், ஜன்னலில் தெரிந்த மரமும் எதிர்வீட்டுத் திண்ணையும்தான் முதலில் வரும். நாம் யார் என்பதில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2002-இல், நாற்பது வருடம் கழித்து, மொரெல் ஹவானாவுக்குத் திரும்பிப் போனார். சுவர் உடைந்த ஓர் அறைக்குள் அதே மாதிரி அவர் விழவைத்த பிம்பம் லா ஹிரால்டியா, பழைய கோட்டைக் கோபுரத்தின் உச்சியில் காற்றுத் திசை காட்டும் பெண் சிலை அது. கடல் கடந்து போன கணவனுக்காகக் காத்திருந்த ஒருத்தியின் உருவம் என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். ஊரை விட்டுப் போன பையன் பெரியவனாகி வந்து அவளை ஓர் இடிந்த அறைக்குள் அழைத்துக்கொள்கிறான் என்று நினைத்தால் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

சரி, நீங்களும் செய்து பார்க்கலாம். ஜன்னலைக் கறுப்புத் தாளால் மூடி, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஓட்டை போடுங்கள், வேறெங்கும் வெளிச்சம் கசியக் கூடாது. மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் காலையில் செய்யுங்கள், எதிரே இருப்பதன்மேல் வெயில் விழ வேண்டும். கண் பழகப் பத்து நிமிடமாவது ஆகும். அதற்குள் தாளைப் பிரித்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.