கடலே இல்லாத ஊரில் எழுதிய கடல்: டெபுஸியின் தண்ணீர் வித்தை

[திரையில்: புல்வெளி, சின்னச் சின்னக் குன்றுகள், மேயும் மாடுகள்]

இந்தப் படத்தில் கடல் எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள் பார்ப்போம். இல்லை. எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இது பிரான்ஸின் பர்கண்டி பகுதி. திராட்சையும் மாடும்தான் இங்கே பிரசித்தம். 1903 கோடையில் இங்கே பிஷேன் என்ற குக்கிராமத்தில், தன் மாமனார் ஊரில், ஒருவர் உட்கார்ந்து ஒரு இசைக்கோவையை ஆரம்பித்தார். அதன் பெயர் 'லா மேர்'. அர்த்தம்: கடல்.

அவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் க்ளோத் டெபுஸி. கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும். இசை நடத்துநரான நண்பர் மெசாஜேவுக்கு எழுதிய கடிதத்தில், பர்கண்டிக் குன்றுகளைக் கடல் வந்து கழுவுவதில்லை என்று நீங்கள் சொல்வீர்கள், ஆனால் என்னிடம் எண்ணிலடங்காத நினைவுகள் இருக்கின்றன, நிஜத்தைவிட எனக்கு அவைதான் உபயோகம் என்கிற மாதிரி சொல்கிறார். அதே கடிதத்தில், நான் மாலுமி ஆகியிருக்க வேண்டியவன் என்றும் ஒரு வரி. நல்லவேளை ஆகவில்லை. நமக்கு.

சரி, பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். வீடியோவை ஓட்டிவிடாதீர்கள், அரை நிமிடம்தான். 1872-இல் மோனே என்ற ஓவியர் லே ஆவ்ர் துறைமுகத்தில் சூரியன் உதிப்பதைப் பனிமூட்டத்தோடு வரைந்தார். 1874-இல் கண்காட்சியில் வைத்தார். தலைப்பில் 'இம்ப்ரெஷன்', அதாவது மனப்பதிவு, என்ற சொல் இருந்ததா, ஒரு விமர்சகர் அதைப் பிடித்துக்கொண்டு கிண்டலடித்தார், அந்த பாணிக்கே 'இம்ப்ரெஷனிசம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1887-இல் இளைஞர் டெபுஸி ரோமிலிருந்து அனுப்பிய ஒரு படைப்பைப் பார்த்த பாரிஸ் அகாதமி, 'இந்தத் தெளிவில்லாத இம்ப்ரெஷனிசம் வேண்டாம் தம்பி' என்ற தொனியில் குறிப்பு எழுதியது. அப்போதிருந்து அவர் மேலும் அந்த முத்திரை. அவருக்கு அது பிடிக்கவே இல்லை. 1908-இல் பதிப்பாளருக்கு எழுதும்போது, மடையர்கள்தான் இதை இம்ப்ரெஷனிசம் என்கிறார்கள் என்றே எழுதிவிட்டார். நானும் இந்த வீடியோவின் முகப்புப் படத்தில் அதே சொல்லைத்தான் போட்டிருக்கிறேன். மன்னிக்கவும் ஐயா, க்ளிக் வரவேண்டுமே.

பின்னணி முடிந்தது. இப்போது எனக்குப் பிடித்த இடம்: டெபுஸி அடிக்கடி கையாண்ட ஓர் ஆறு ஸ்வர வித்தை. பக்கத்தில் கீபோர்டு இருந்தால் எடுங்கள். இல்லையா, போனில் பியானோ ஆப் போதும்.

[திரையில்: கட்டைகள் நெருக்கத்தில், விரல்]

சி, டி, இ. மூன்று வெள்ளைக் கட்டை. அப்புறம் தொடர்ந்து வரும் மூன்று கறுப்புக் கட்டை: எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப். அவ்வளவுதான், ஆறு ஸ்வரம். மேலே போங்கள், கீழே வாங்கள், எந்த வரிசையிலும் அழுத்துங்கள். என்ன ஆகிறது? எதுவும் முடியமாட்டேன் என்கிறது. எந்தக் கட்டையில் நின்றாலும் 'வீட்டுக்கு வந்துவிட்டோம்' என்ற உணர்வே வராது. காரணம் எளிமையானது. வழக்கமான மேஜர் ஸ்கேலில் கடைசி ஸ்வரத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் நடுவே அரை ஸ்வர இடைவெளிதான், அந்த நெருக்கம் நம்மை வீட்டுக்குள் இழுத்துவிடும். இங்கே எல்லா இடைவெளியும் ஒரே அளவு. இழுக்க ஆளே இல்லை. தண்ணீரில் மல்லாந்து மிதப்பது போல.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் இந்நேரம் கமெண்டில் டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். ஆமாம், கோப்ரியா! ரிஷபப்ரியா ராகத்தில் பஞ்சமத்தை எடுத்துவிட்டால் கிடைக்கிற ராகம், அதே ஆறு ஸ்வரம். ஆனால் கேட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது. நம் கச்சேரியில் பின்னால் தம்புரா 'ஸா' சொல்லிக்கொண்டே இருக்கும். பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் வீட்டு வாசல் விளக்கு தெரிந்துகொண்டே இருக்கும். டெபுஸி பல இடங்களில் அந்த விளக்கை அணைத்துவிடுகிறார்.

பல இடங்களில் என்றுதான் சொன்னேன், எல்லா இடத்திலும் இல்லை. 1910-இல் வந்த அவருடைய பியானோ பிரெலூடு (சின்ன இசைத்துண்டு) ஒன்று, பெயர் 'வ்வால்'. பிரெஞ்சில் அதற்குக் கப்பல் பாய் என்றும் அர்த்தம், முகத்திரை என்றும் அர்த்தம். எது என்று அவர் சொல்லவில்லை, தலைப்பையே கடைசிப் பக்கத்தின் அடியில் அடைப்புக்குறிக்குள் போட்டார், முதலில் வாசி, அப்புறம் பெயரைப் பார் என்பது போல. ஏறக்குறைய முழுக்க இதே ஆறு ஸ்வரம்தான். ஆனால் அடியில் ஒரே ஒரு பி ஃபிளாட் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. நம் தம்புரா வேலைதான். எனக்கு அது நங்கூரம் போட்ட படகாகத்தான் கேட்கிறது: மேலே பாய் ஆடுகிறது, அடியில் கயிறு பிடித்திருக்கிறது. நடுவில் ஆறே ஆறு தாளச் சுற்றுக்கு (பார்) மட்டும் காற்று மாறுகிறது, வெறும் கறுப்புக் கட்டைகள். எஃப் ஷார்ப்பை ஸா என்று வைத்துக்கொண்டு அந்த ஐந்தையும் வாசியுங்கள். மோகனம்! அட, நானும் முதல்முறை வாசித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.



மறுபடி கடலுக்கு வருவோம், ஏனென்றால் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. மாமனார் ஊரில் ஆரம்பித்தார் இல்லையா? கடைசித் திருத்தம் செய்தது எங்கே தெரியுமா? 1904-இல் மனைவி லில்லியை விட்டு எம்மா பர்டாக்குடன் போய்விட்டார். லில்லி துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டு, பிழைத்தார். பல நண்பர்கள் டெபுஸியின் முகத்தில் விழிக்கவில்லை. 1905 கோடையில் அவரும் கர்ப்பிணியான எம்மாவும் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் இருந்தார்கள். 'லா மேர்' அச்சுப் பிழை திருத்தியது அங்கேதான். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே நிஜக் கடல்! அதைப் பார்த்து அவர் எழுதியது: இங்கே கடல் அசல் பிரிட்டிஷ் ஒழுங்கோடு விரிகிறது என்று. நக்கல்தான். நினைவில் இருந்த கடல் அவ்வளவு ஒழுங்காக இருக்கவில்லை போலிருக்கிறது.

[திரையில்: ஹொகுசாயின் பேரலை, பக்கத்தில் 'லா மேர்' முதல் பதிப்பின் அட்டை]

அட்டையைப் பாருங்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அந்தப் பேரலை. ஆனால் இரண்டு படத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மூலத்தில் அலைக்கு அடியில் படகுகள், படகுகளில் மனிதர்கள், தூரத்தில் ஃபூஜி மலை. அட்டையில் எதுவும் இல்லை. அலை மட்டும். இசையிலும் அப்படித்தான்: கப்பல் இல்லை, மாலுமி இல்லை, கதை இல்லை. டிம்பனி முரசும் டபுள் பாஸும் ஹார்ப்பும் அடியில் முணுமுணுத்தபடி விடிகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் செல்லோக்கள் நாலு கூட்டமாகப் பிரிந்து அலையாக எழும். அதற்கு 16 செல்லோ வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களிலேயே பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும்! பட்ஜெட் பார்க்கிற மனிதர் இல்லை.

1905 அக்டோபர் 15, பாரிஸில் முதல் நிகழ்ச்சி. விமர்சகர் பியேர் லாலோ, எனக்குக் கடல் கேட்கவும் இல்லை, தெரியவும் இல்லை, மணக்கவும் இல்லை என்று எழுதினார். பாவம், மீன் வாடையை எதிர்பார்த்து வந்திருக்கிறார்.

டெபுஸியின் நண்பரும் இசையமைப்பாளருமான எரிக் சாத்தி சொன்னதாகச் சொல்லப்படும் பதில்தான் எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி. 'லா மேர்' முதல் பகுதியின் பெயர் 'கடலில் விடியலிலிருந்து நண்பகல் வரை'. சாத்தி சொன்னாராம்: பத்தரைக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவில் ஒரு இடம் வந்ததே, அற்புதம்!

நான் சும்மா விடவில்லை, கணக்குப் போட்டேன். விடியல் 6 மணி, நண்பகல் 12, அந்தப் பகுதி சுமார் 9 நிமிடம். அப்படியானால் பத்தரை என்பது 6 நிமிடம் 45 விநாடி, பத்தே முக்கால் என்பது 7 நிமிடம் 7 விநாடி. ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்த 22 விநாடியைக் கேளுங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. கமெண்டில் நீங்கள் எழுதுங்கள்.