சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை வாக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை என்றால் கல்லூரி ஃபுட்பால்தான். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசத்தோடு முட்டி மோதி ஓடும் ஆட்டம். மிஷிகன், ஒஹையோ ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களின் அரங்குகளில் ஒரு ஆட்டத்தைப் பார்க்க ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். ஆடுகிறவர்கள் எல்லாரும் மாணவர்கள், இருபது வயதை ஒட்டிய பையன்கள். இவர்களில் யார் முதலிடம், யார் இரண்டாமிடம் என்பதை மிக நீண்ட காலம் வாக்குப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள். அந்த வாக்காளர்களில் பெரும் பங்கு வகித்தவர்கள், அதே அணிகளின் பயிற்சியாளர்கள். அந்த வாக்கைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஆட்டத்தில் ஜெயித்தவர் ஜெயித்தவர்தானே, அதில் வாக்குக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். மேல்நிலைப் பிரிவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. உடல் நொறுங்கும் ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுதான் ஆட முடியும். வழக்கமான பருவத்தில் ஓர் அணி ஆடுவது சுமார் பன்னிரண்டு ஆட்டம்தான். அதிலும் பெரும்பாலானவை தத்தம் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே, அதாவது சில கல்லூரிகள் சேர்ந்த கூட்டமைப்புக்குள்ளேயே, முடிந்துவிடும். கலிஃபோர்னியா அணியும் அலபாமா அணியும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே பருவம் முடிந்துபோகும். இரண்டும் எல்லா ஆட்டத்திலும் வென்றிருந்தால் எது பெரியது? அதைச் சொல்லப் பொதுவான புள்ளிப்பட்டியல் கிடையாது. அதனால் 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டு எழுத்தாளர்களிடம் வாக்கு வாங்கித் தரவரிசை வெளியிட்டது. 1950இல் போட்டி நிறுவனமான யுனைடெட் பிரஸ் பயிற்சியாளர்களிடம் வாக்குக் கேட்டது. பயிற்சியாளர் வாக்கெடுப்பு அப்படிப் பிறந்ததுதான். பின்னால் அது யு.எஸ்.ஏ. டுடே நாளிதழின் கைக்கு வந்தது. அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் சங்கம் அதை நடத்த உதவுகிறது.

முறை எளிமையானது. வாக்களிக்க விருப்பம் தெரிவித்த பயிற்சியாளர்களிலிருந்து கான்ஃபரன்ஸ் வாரியாகக் குலுக்கிப் போட்டு, சுமார் அறுபது பேரை எடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் 25 அணிகளை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24, இப்படியே இறங்கி இருபத்தைந்தாவது இடத்துக்கு 1 புள்ளி. எல்லாச் சீட்டையும் கூட்டினால் அந்த வாரத்துப் பட்டியல் வந்துவிடும். தன் அணிக்குத் தானே வாக்குப் போடலாம், அதற்குத் தடையே இல்லை. விதி மீறியதற்காகத் தண்டனையில் இருக்கும் அணிக்கு மட்டும் இந்தப் பட்டியலில் இடம் கிடையாது. 2012இல் ஒஹையோ ஸ்டேட் பன்னிரண்டு ஆட்டத்திலும் வென்றது. எழுத்தாளர்கள் அதற்கு மூன்றாம் இடம் கொடுத்தார்கள். பயிற்சியாளர் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.

சரி, ஆட்டம் தெரிந்தவரைவிட யார் நன்றாக மதிப்பிட முடியும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பயிற்சியாளரின் சனிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்தே அவர் தன் அணியோடு இருக்கிறார். ஆட்டம் மூன்றரை மணி நேரம். அப்புறம் நிருபர்கள், அடிபட்ட பையன்களைப் பார்ப்பது, வெளியூர் ஆட்டமென்றால் பஸ், விமானம். மேற்குக் கரையில் கடைசி ஆட்டம் முடியும்போது கிழக்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். ஞாயிறு காலை எழுந்தால் நேற்றைய ஆட்டத்தின் வீடியோ, அடுத்த வார எதிரணியின் வீடியோ. இதற்கிடையில் சீட்டை அனுப்பியாக வேண்டும், மதியத்துக்குள் பட்டியல் வெளிவர வேண்டுமே! அந்த மனிதர் அன்று முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு ஆட்டம், தன்னுடையது. மீதி இருபத்துச் சொச்சம் அணிகளை அவர் மதிப்பிடுவது ஸ்கோரை வைத்தும் போன வாரப் பட்டியலை வைத்தும்தான். பல இடங்களில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் செய்திப் பிரிவில் உள்ள ஊழியர் சீட்டை எழுதி வைக்க, பயிற்சியாளர் ஒரு கண்ணோட்டம் விட்டுத் தலையாட்டுவார். இது அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

முதல் பட்டியல் ஆகஸ்டில், ஒரு பந்துகூட வீசப்படாத நேரத்திலேயே வந்துவிடுகிறது. அதில் மேலே ஏறிவிட்ட அணி தோற்றால்தான் இறங்கும், கீழே தொடங்கிய அணி பலரைத் தாண்டி ஏற வேண்டும். ஸ்டீவ் ஸ்பரியர் என்ற பெரிய பயிற்சியாளர், பருவத்துக்கு முந்தைய சீட்டில் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வழக்கமாக இருபத்தைந்தாம் இடம் கொடுத்துவந்தார். டியூக் அப்போது பலவீனமான அணி. எண்பதுகளின் இறுதியில் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக நம்பி ஏற்ற இடம் அது. பழைய பாசத்துக்காகப் போன ஒரு புள்ளி. அதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த வாக்கெடுப்பில் ஒரு புள்ளிக்கு என்ன எடை என்பதையும் பார்க்க வேண்டும். 1990இல் ஜார்ஜியா டெக் பயிற்சியாளர்களின் சாம்பியன் ஆனது 847க்கு 846 என்ற கணக்கில். கொலராடோ ஒரே புள்ளியில் இழந்தது. 1997இல் நெப்ராஸ்கா மிஷிகனை மிகச் சில புள்ளிகளில்தான் முந்தியது. முதலிட வாக்கு நெப்ராஸ்காவுக்கு 32, மிஷிகனுக்கு 30. ஒரே ஒருவர் இந்த இரண்டு பெயரையும் இடம் மாற்றி எழுதியிருந்தால் முதலிட வாக்கு சமன். நெப்ராஸ்காவின் டாம் ஆஸ்பர்ன் ஓய்வு பெறப்போவதாக அறிவித்திருந்த பருவம் அது. அவருக்குப் பிரிவுபசாரமாகச் சிலர் வாக்களித்தார்கள் என்று அப்போதே பேச்சு எழுந்தது. உண்மையா, வெறும் வதந்தியா? சீட்டுகள் மூடியே இருந்ததால் சரிபார்க்க வழியில்லை.

அடுத்த ஆண்டு, 1998இல், பி.சி.எஸ். என்ற ஏற்பாடு வந்தது. வாக்கெடுப்புகளையும் கணினிக் கணக்குகளையும் சேர்த்து, முதல் இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்து இறுதி ஆட்டத்தில் மோதவிட்டார்கள். பருவ முடிவில் தேர்ந்த அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டங்களுக்குப் பவுல் என்று பெயர். மற்ற பெரிய பவுல் ஆட்டங்களுக்கு யார் போவது என்பதிலும் அந்தக் கூட்டுக் கணக்குக்குப் பங்கு இருந்தது. அதாவது பயிற்சியாளரின் சீட்டு இப்போது நேரடியாகப் பணமாக மாறியது. ஒரு பெரிய பவுல் ஆட்டம் கிடைத்தால் கான்ஃபரன்ஸுக்குப் பல மில்லியன் டாலர். அது உறுப்பினர் பல்கலைக்கழகங்களுக்குப் பங்கு பிரியும். பட்டிமன்றத்தில் ஒரு அணிக்குப் பேசுகிறவரையே நடுவர் நாற்காலியிலும் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? இங்கே அப்படிப்பட்ட நடுவர்கள் அறுபது பேர்.

2004ஆம் ஆண்டுக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி அணி, கால் என்று சுருக்கமாக அழைப்பார்கள், அந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றிருந்தது. அதுவும் முதலிடத்தில் இருந்த தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யு.எஸ்.சி.யிடம், 23க்கு 17 என்று போராடி. பின்னால் பெரும் புகழ் பெற்ற ஆரன் ரோஜர்ஸ்தான் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர். பெரிய பவுல்களில் ஒன்றான ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு அந்தக் கல்லூரி கடைசியாகப் போனது 1959 ஜனவரியில். நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பின் வாசல் திறந்திருந்தது. நான்காம் இடத்தைத் தக்கவைத்தால் போதும். பின்னால் வந்துகொண்டிருந்தது டெக்சஸ். அதன் பயிற்சியாளர் மேக் பிரவுன், தங்கள் கடைசி ஆட்டத்தை வென்றதும், எங்கள் அணியைக் கவனியுங்கள் என்று வாக்காளர்களிடம் பகிரங்கமாக வேண்டுகோள் வைத்தார். கால் அணிக்கு ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. செப்டம்பரில் புயலால் தள்ளிப்போன சதர்ன் மிசிசிப்பி ஆட்டம் அது. டிசம்பர் 4 அன்று 26க்கு 16 என்று வென்றது. கடைசி நொடிகளில் இன்னும் புள்ளி சேர்க்க வாய்ப்பு இருந்தும், தோற்ற எதிரணியை மேலும் குத்த வேண்டாம் என்று பயிற்சியாளர் ஜெஃப் டெட்ஃபோர்ட் நேரத்தை ஓடவிட்டார்.

அந்த வாரச் சீட்டில் சில பயிற்சியாளர்கள், வென்று வந்த கால் அணியை ஏழாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் தள்ளியிருந்தார்கள். இரண்டு வாக்கெடுப்பிலும் கால்தான் இன்னும் முன்னால் இருந்தது. ஆனால் இடைவெளி சுருங்கிவிட்டது. கணினிகள் டெக்சஸ் பக்கம் நின்றதால், கூட்டிப் பார்த்தபோது டெக்சஸ் தாண்டிவிட்டது. ரோஸ் பவுல் டெக்சஸுக்கு. கால் அணி சான் டியேகோவில் வேறொரு ஆட்டத்துக்குப் போய் மனமொடிந்து தோற்றது. அந்தக் கல்லூரி இன்றுவரை ரோஸ் பவுலுக்குத் திரும்பவில்லை. மேக் பிரவுனை நான் குறை சொல்ல மாட்டேன், தன் பையன்களுக்காக வாய் திறந்து கேட்டார், எல்லார் எதிரிலும் கேட்டார். எனக்கு ஆறாதது அந்த ஏழாம் இடமும் எட்டாம் இடமும்தான். அதை எழுதியவர் யார், என்ன காரணம் என்று அந்தப் பையன்களிடம் சொல்ல யாரும் இல்லை.

இந்த அமளிக்குப் பிறகு இரண்டு விஷயம் நடந்தது. அசோசியேட்டட் பிரஸ் தன் பட்டியலை இந்தக் கணக்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விலகிக்கொண்டது. எழுத்தாளர்களின் வேலை செய்தி சொல்வது, கோடிக்கணக்கான பணத்தைப் பங்கு பிரிப்பது அல்ல என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. பயிற்சியாளர்கள் விலகவில்லை. ஆனால் 2005 முதல், வழக்கமான பருவத்தின் கடைசிச் சீட்டை மட்டும் பெயரோடு வெளியிட ஒப்புக்கொண்டார்கள். 2009இல் அதையும் மறுபடி மூடப்போவதாகச் சங்கம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவே கைவிட்டது.

அப்படி வெளியான சீட்டுகளை, 2005 முதல் 2010 வரை, மாத்யூ கோச்சன், மாத்யூ பொடோஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்து, கணினித் தரவரிசையோடு ஒப்பிட்டார்கள். பயிற்சியாளர்கள் சராசரியாகத் தங்கள் அணியை இரண்டு இடத்துக்கும் மேலாக உயர்த்தி வைத்திருந்தார்கள். தங்கள் கான்ஃபரன்ஸ் அணிகளை ஏறக்குறைய ஒரு இடம். தாங்கள் தோற்கடித்த அணிகளுக்கும் ஏற்றம் கிடைத்தது, ஏனென்றால் தோற்றவன் பெரியவனானால் வென்றவன் இன்னும் பெரியவன். எந்த அணி பவுலுக்குப் போனால் தங்கள் கல்லூரிக்கு அதிகப் பணம் வருமோ, அந்த அணிக்கும் இடம் உயர்ந்தது. இவ்வளவும் எங்கே? பெயரோடு வெளியாகும் என்று தெரிந்தே எழுதிய சீட்டுகளில். மூடிய சீட்டில் என்ன இருந்திருக்கும் என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

மனசாட்சியோடு நடந்தவர்களும் உண்டு. 2003 பருவத்தில், இறுதி ஆட்டத்தில் வென்ற அணிக்கே முதலிட வாக்கைப் போட வேண்டும் என்று பயிற்சியாளர்களுக்கு ஒப்பந்தக் கட்டாயம் இருந்தது. யு.எஸ்.சி. இரண்டு வாக்கெடுப்பிலும் முதலிடத்தில் இருந்தும், கணினிக் கணக்கால் இறுதி ஆட்டத்துக்கே போகவில்லை. அங்கே லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு. வென்றது. அறுபது பேர் கட்டளைப்படி எல்.எஸ்.யு.வுக்குப் போட்டார்கள். லூ ஹோல்ட்ஸ், மைக் பெல்லாட்டி, ரான் டர்னர் மூவரும் மறுத்து யு.எஸ்.சி.க்குப் போட்டார்கள். யாருக்குப் போட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் அதை வாக்கு என்று எப்படிச் சொல்வது? அந்த மூவர் பக்கம்தான் நான். 2006இல் ஒஹையோ ஸ்டேட்டின் ஜிம் ட்ரெஸல், இறுதி ஆட்டத்தில் தன் எதிரணி மிஷிகனா ஃப்ளோரிடாவா என்பது வாக்கில் தொங்கியபோது, சீட்டையே கொடுக்காமல் ஒதுங்கிக்கொண்டார். ஃப்ளோரிடா வந்தது, 41க்கு 14 என்று அவர் அணியை நொறுக்கியது. அவர் ஒதுங்கியது சரிதான். அதை ஒரு தனிமனிதரின் நாகரிகத்துக்கு விட்டது விதியின் குறை.

2014இல் பி.சி.எஸ். ஏற்பாடு முடிவுக்கு வந்தது. இப்போது சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டங்களுக்கு அணிகளைத் தேர்வது பதின்மூன்று பேர் கொண்ட குழு. அங்கே ஒரு உறுப்பினர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர் அறையைவிட்டு எழுந்து போக வேண்டும். பயிற்சியாளர் வாக்கெடுப்பு நின்றுவிடவில்லை, வாரா வாரம் பட்டியல் வருகிறது. அதற்கு இனி மதிப்பில்லை, விடுங்கள் என்கிறார்கள் சிலர். நான் ஒப்பவில்லை. பருவ முடிவில் அணி முதல் இருபத்தைந்தில் வந்தால் ஊக்கத்தொகை என்று பல பயிற்சியாளர்களின் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. பெயர் கேட்டுக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பள்ளிப் பையனும் அவன் பெற்றோரும் அந்தப் பட்டியலைப் பார்க்கிறார்கள். அசோசியேட்டட் பிரஸில் வாக்களிக்கும் நிருபரின் சீட்டு வாரா வாரம் பெயரோடு வெளிவருகிறது, ரசிகர்கள் அவரை உரிமையோடு கேள்வி கேட்கிறார்கள். பயிற்சியாளருக்கும் அதே விதியை வைக்கலாம். தன் அணிக்கும் தன் கான்ஃபரன்ஸுக்கும் வாக்குப் போடாமல் மற்றவற்றை மட்டும் வரிசைப்படுத்தச் சொல்லலாம். ஆகஸ்ட் பட்டியலை அக்டோபருக்குத் தள்ளினால் ஆட்டம் பார்த்த பிறகாவது எழுதுவார்கள். இந்த மூன்றுக்கும் சங்கத்தின் ஒரு கூட்டத் தீர்மானம் போதும்.

நன்றி, வணக்கம்.