எலி வளையானாலும்: பெட்ஃபோர்டு நகரத்து ஜெபக்கூடங்கள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் நேரத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, குத்துவிளக்கேற்றிய டாக்டர் அம்மா அவர்களே, என்னைக் கண்டாலே கைப்பையை இறுக்கிக்கொள்ளும் பொருளாளர் அவர்களே, வடை சுட்டுக் கொண்டுவந்திருக்கும் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ‘மோட்சப் பயணம்’ (The Pilgrim's Progress) கதையை எழுதிய ஜான் பனியனின் சிறைவாசம், அவருடைய சபை வாங்கிய இடம், அந்தச் சபையிலிருந்து பிற்பாடு பிரிந்துபோன சிறைச் சீர்திருத்தக்காரர் ஜான் ஹோவர்டு. மூன்றையும் கோக்க ஒரே நூல்தான், என் பாட்டி ஓயாமல் சொன்னது: எலி வளையானாலும் தனி வளை வேண்டும்.

அரசாங்கத் திருச்சபைக்கு அடங்காத சிலர் 1650-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரத்தில் சபையாகக் கூடினார்கள். அவர்களுடைய போதகர் ஜான் கிஃபர்டுக்கு செயின்ட் ஜான்ஸ் கோயில் பொறுப்பு கிடைத்ததும் அங்கேயே கூடினார்கள். 1660-இல் மன்னராட்சி திரும்பியது, கோயில் கைவிட்டுப் போனது. இரவல் இடத்துக்கு அவ்வளவுதான் ஆயுசு. அதே ஆண்டு நவம்பரில், அந்தச் சபையைச் சேர்ந்த, பாத்திர ஓட்டை அடைத்துப் பிழைத்த பனியன், கிராமத்து வீடொன்றில் பிரசங்கம் செய்யப் போய்க் கைதானார்.

அவர் மனைவி எலிசபெத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர மாட்டேன். கணவர் கைதான அதிர்ச்சியில் பிரசவம் முந்தி, பிறந்த குழந்தை இறந்துவிட்டது. மூத்த தாரத்துப் பிள்ளைகள் நாலு பேர், ஒருத்திக்குக் கண் தெரியாது. 1661 ஆகஸ்டில் நீதிபதிகள் ஊருக்கு வந்தபோது மனுவோடு போனார். நீதிபதி ஹேல் இதமாகப் பேசினார், கைவிரித்தார். மறுநாள் எலிசபெத் நீதிபதி ட்விஸ்டனின் வண்டிக்குள்ளேயே இன்னொரு மனுவை எறிந்தார். நீதிபதி சீறி விழுந்தார். எலிசபெத் விடவில்லை. ஸ்வான் விடுதியில் நீதிபதிகளும் ஊர்ப் பெரிய மனிதர்களும் கூடியிருந்த அறைக்குள் நடுங்கிக்கொண்டே நுழைந்தார். “உன் புருஷன் பிரசங்கத்தை விடுவானா?” என்று கேட்டார் ட்விஸ்டன். “பேச முடிகிறவரை விடத் துணியமாட்டார் ஐயா” என்றார். பாத்திரம் அடைக்கிற ஏழை என்பதால்தானே அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றும் கேட்டுவிட்டார். கைதட்டுங்கள், முந்நூற்றறுபது வருஷம் தாமதம்தான், பரவாயில்லை!

பனியன் 12 ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1672-இல் இப்படிப்பட்ட சபைகள் மீதிருந்த தடையை மன்னர் தளர்த்தியதும் சபை முதலில் என்ன செய்தது? மில் லேனில் பழத்தோட்டத்தோடு ஒரு தானியக் கொட்டகையை 50 பவுனுக்கு வாங்கியது. கொட்டகைதான், ஆனால் தங்களுடையது. எலி வளையானாலும் தனி வளை! அதே இடத்தில் 1707-இல் ஜெபக்கூடம் எழும்பியது, 1850-இல் இப்போதைய கட்டடம். அதன் வெண்கலக் கதவுகளில் பனியன் எழுதிய ‘மோட்சப் பயணம்’ கதையின் காட்சிகள் இருக்கின்றன. நம் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடியதும் அந்தக் கதையை வைத்துத்தான்.

நாம் என்ன செய்கிறோம்? பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து, தீ அலாரம் அடிக்குமென்று பொங்கல் பானையைக் கார் நிறுத்துமிடத்தில் வைக்கிறோம். ஒன்பது மணிக்குக் காவலாளி விளக்கை அணைத்தால் பாதிப் பாட்டில் எழுந்து போகிறோம். இந்த நாட்டில் ஆள் குறைந்து விற்பனைக்கு வரும் சின்ன ஜெபக்கூடங்கள் எத்தனையோ. ஒன்றை வாங்குவோம் என்று செயற்குழுவில் கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டுவிட்டது. நகரமன்ற உறுப்பினர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, ஹோவர்டு இன்னொரு நாள். அப்புறம், கட்டட நிதிப் படிவம் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.